பெயர் சொல்லி மன்றாடுவோம்

 

நவம்பர் மாதம் இறந்த விசுவாசிகளின் மாதம். கடந்த 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று மாலை நம் பங்கின் கல்லறைத் தோட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாள் பெய்த மழையில் பாதையெல்லாம் சேறு. ஆனாலும் வெள்ளையடித்த கல்லறைகள், சாமந்தி மாலைகள், காற்றில் அணைந்து அணைந்து எரிந்த மெழுகுவர்த்திகள், ஊதுபத்திப் புகை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து அப்பா அம்மா கல்லறையருகே நின்றார்கள். நான் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தேன்.

கிழக்கு மதிலோரம் ஒரு கல்லறை மட்டும் இருட்டாக இருந்தது. பூவில்லை, மெழுகுவர்த்தியில்லை. பீடச்சிறுவன் ஒருவன், "சாமி, இது யாரு கல்லறை?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற உபதேசியார், "அது ஒரு மிலிட்டரிக்காரர் கல்லறைப்பா. குடும்பம் எப்பவோ ஊரை விட்டுப் போயிடுச்சு" என்றார். விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். காரை பெயர்ந்து, பெயர் இருந்த இடம் வெறுமையாகிவிட்டது. ஆனால் கல்லில் ஆழமாகக் கொத்தியிருந்த அவருடைய படை எண் மட்டும் அப்படியே இருந்தது. எண் இருக்கிறது, பெயர் இல்லை. அன்றிரவு முழுவதும் அது என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆகவே இன்று நம் மண்ணில் உறங்கும் படைவீரர்களைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

அன்பானவர்களே, கடலூர் படைவீரர்களின் ஊர் என்று சொன்னால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். நமக்குத் தெரிந்த கடலூர் துறைமுகமும் மீன்பிடித் தொழிலும் முந்திரித் தோப்பும்தான். ஆனால் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலோடு சேரும் இடத்தருகே இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்தக் கதையை இன்றும் நமக்கு நினைவூட்டுகிறது.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்தது இந்தத் தேவனாம்பட்டினம் கோட்டைதான். 1748 ஜனவரியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற படைத்தலைவர் இங்கே வந்து இறங்கினார். சிதறிக் கிடந்த காவல் ஆட்களையும் சிப்பாய்களையும் ஒழுங்கான படையாக்கும் வேலையைத் தொடங்கினார். 'இந்தியப் படையின் தந்தை' என்று வரலாற்று நூல்கள் சொல்வது இவரைத்தான். 1758இல் உருவான பட்டாளங்களிலிருந்து வளர்ந்ததே இன்று நீலகிரி வெலிங்டனில் மையம் கொண்டிருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட். நம் பங்கிலிருந்து பட்டாளத்துக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும், தன் ஊர்க் கடற்கரையில் தொடங்கிய ஒரு வரிசையில்தான் போய் நிற்கிறான்.

அந்த வரிசையில் முதலில் நின்றவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள்? இரண்டு போர்களை மட்டும் சொல்கிறேன். இரண்டும் நம் வாசலில் நடந்தவை.

ஒன்று, 1781. சிதம்பரம் நடராசர் கோவிலின் உயர்ந்த மதில்களே அந்தக் காலத்தில் கோட்டை மதில்களாக ஆகியிருந்தன. ஹைதர் அலியின் வீரர்கள் உள்ளே இருந்தார்கள். ஜூன் 18ஆம் தேதி சர் அயர் கூட் தலைமையில் கம்பெனிப் படை அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டைக்கு அருகே நடந்த பெரும்போரில் அதே கூட் ஹைதரை வென்றார். இன்று நாம் சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகும்போது கடந்து செல்லும் வயல்களிலும் மணல்மேடுகளிலும் இரு தரப்பிலும் மனிதர்கள் விழுந்தார்கள்.

படைத்தலைவர் கூட் 1783 ஏப்ரலில் சென்னையில் இறந்தார். அவருடைய உடலைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ராக்போர்ன் என்ற கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருக்குப் பெரிய சிற்ப நினைவுச் சின்னம் இருக்கிறது. அவருக்காகச் சிதம்பரம் மதிலில் ஏணி சாத்தப் போன சிப்பாய்க்கும், மதிலின் உள்ளே நின்று அதைத் தடுத்த வீரனுக்கும் ஒரு கல்கூட இல்லை.

இன்னொன்று, 1783. வண்டிப்பாளையம் மேட்டுக்கும் கடலுக்கும் இடையே நடந்த கடலூர் முற்றுகை. கோட்டைக்குள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் அவருக்குத் துணையாக மைசூர்ப் படையும். வெளியே ஆங்கிலேயரோடு தமிழ்ச் சிப்பாய்கள், வங்காளத்திலிருந்து நடந்தே வந்த சிப்பாய்கள், ஜெர்மனியின் ஹனோவர் நாட்டிலிருந்து வந்த பட்டாளங்கள். ஜூன் 13ஆம் தேதி ஒரே நாளில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கடலில் இரு நாட்டுக் கப்பல்களும் மோதின.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின் தொடர்ச்சியாகத்தான் இங்கிலாந்தும் பிரான்சும் அப்போது மோதிக்கொண்டிருந்தன. அந்த இரு நாடுகளும் அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் தேதியே வெர்சாய் நகரில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. செய்தி கப்பலேறி ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கடலூருக்கு வந்து சேர்ந்தபோது ஜூன் மாதமே முடிந்துகொண்டிருந்தது. அதாவது, கடலூர் மண்ணில் அன்று செத்தவர்கள் எல்லாரும் முடிந்துபோன ஒரு சண்டையில் செத்தார்கள். அந்த உலகப் போரின் கடைசிச் சண்டையே நம் ஊரில்தான் நடந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். புஸ்ஸி 1785இல் புதுச்சேரியில் இறந்து அங்கேயே அடக்கமானார். அவருக்குக் கீழே போரிட்ட பிரெஞ்சு வீரர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலக் கத்தோலிக்கர்கள். செபமாலையோடு வந்து நம் மணலில் விழுந்தவர்கள்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்று ஒன்றுக்கொன்று பீரங்கி நீட்டிய இரண்டு ஊர்கள் புதுச்சேரியும் கடலூரும். இன்று நாம் 'புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம்' என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். ஒவ்வொரு திருப்பலியிலும் நம் பேராயருக்காக மன்றாடும்போது, அந்தப் பழைய பகை முடிந்துபோனதை நாம் அறிக்கையிடுகிறோம்.

"சாமி, அவர்கள் கூலிக்குப் போரிட்டவர்கள்தானே? அந்நியன் சம்பளம் வாங்கி அந்நியனுக்காகச் செத்தவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பஞ்சம் பிழைக்கப் போனவர்களும் அவர்களில் உண்டு, வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் என்று போனவர்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்குத் திருவிவிலியமே பதில் சொல்லியிருக்கிறது.

இறந்தவர்களுக்காக நாம் செபிப்பதற்கும் பூசை வைப்பதற்கும் ஆதாரமாகத் திருச்சபை காட்டும் முதன்மையான பழைய ஏற்பாட்டுப் பகுதி எது? மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். அதில் வரும் இறந்தவர்கள் யார்? படைவீரர்கள். போர் முடிந்து, யூதா மக்கபேயின் ஆட்கள் விழுந்துபோன தோழர்களை அடக்கம் செய்யப் போகிறார்கள். உடலைத் தூக்கும்போது ஒவ்வொருவன் ஆடைக்குள்ளும் யாம்னியா ஊரின் சிலைகளுக்குப் படைத்த தாயத்துகள் இருக்கின்றன. திருச்சட்டம் தடைசெய்த பொருள்கள் அவை. யூதா என்ன செய்திருக்கலாம்? "துரோகிகள், அப்படியே கிடக்கட்டும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீரர்களிடம் பணம் தண்டினார். 2,000 வெள்ளி திராக்மா சேர்ந்தது. இறந்தவர்களின் பாவம் போக்கும் பலிக்காக அதை எருசலேமுக்கு அனுப்பினார். உயிர்த்தெழுதலை மனத்தில் வைத்தே அவர் இதைச் செய்தார் என்று அந்த நூல் பாராட்டுகிறது.

ஆகவே, அன்பர்களே, தகுதியைச் சோதித்துப் பார்த்த பிறகு அல்ல, தகுதிக் குறைவு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் யூதா செபித்தார். இறந்தவரை அடக்கம் செய்வதும் அவருக்காக மன்றாடுவதும் நாம் வழங்கும் பரிசு அல்ல, இரக்கச் செயல். போரைப் புகழ்வது வேறு, போரில் விழுந்தவனை நினைப்பது வேறு. முதலாவதைத் திருச்சபை செய்வதில்லை. இரண்டாவதை அது மறக்கக் கூடாது.

ஆனால் உலகம் இதை எப்படிச் செய்தது? முதல் உலகப் போரின் நடுவே, 1917இல், இறந்த வீரர்களின் கல்லறைகளைப் பேணப் பிரித்தானியப் பேரரசு ஓர் ஆணையம் அமைத்தது. அதன் கொள்கை அழகானது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், ஒவ்வொருவருக்கும் பெயர், இன வேறுபாடு கிடையாது. சென்னை நந்தம்பாக்கத்தில் பூந்தமல்லி சாலையோரம் இருக்கும் போர்க் கல்லறையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பராமரிக்க ஆளில்லாமல் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை ஓரிடத்தில் சேர்க்க 1952இல் அது அமைக்கப்பட்டது. 850க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, நம் ஊர்களைப் போன்ற ஊர்களில் புதைக்கப்பட்டு, கல்லறை பேண முடியாமல் போன 1,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கிடக்கும் இடம் தெரியாவிட்டாலும் பெயராவது இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

அந்த அழகான கொள்கை எல்லாருக்கும் எட்டவில்லை. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 74,000 இந்திய வீரர்கள் இறந்தார்கள். இன்றைய ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் பிரித்தானிய வீரர்களின் பெயர்களைப் பொறித்தவர்கள், இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் பட்டாளத்தின் பெயரைப் போட்டு இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் பொறித்தார்கள். 2021இல் அந்த ஆணையமே ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. ஆணையம் இதற்காக மன்னிப்புக் கேட்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் சுவரில் பதித்த சிறிய கல்வெட்டு ஒன்றைக் காணலாம். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று இருக்கும். எத்தனை பேர் என்று இருக்கும், யார் என்று இருக்காது.

பெயரில்லாமல் புதைப்பது எப்படிப்பட்ட வேதனை என்று கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2004 டிசம்பர் 26 நமக்கு மறக்குமா? தேவனாம்பட்டினத்தில், அந்தப் பழைய கோட்டைக் கரையில், எத்தனை பேரை அடையாளம் காணவும் நேரமில்லாமல் கூட்டாகப் புதைத்தோம்! "என் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரிந்தாலாவது போதும்" என்று அழுத தாய்மாரின் குரலை இந்த ஊர் கேட்டிருக்கிறது. ஒரு பெயர், ஓர் இடம், ஒரு சிலுவை ஆகியவற்றின் அருமை நமக்குத் தெரியும்.

எண் போடுவது உலகத்தின் வழக்கம். பெயர் சொல்வது ஆண்டவரின் வழக்கம். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார் என்று யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திருமுழுக்கில் குரு கேட்கும் முதல் கேள்வி பெயரைப் பற்றியது. அடக்கத் திருப்பலியிலும் பெயர் சொல்லித்தான் ஆண்டவரிடம் ஒப்படைக்கிறோம்.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றையும் உங்களிடம் நான் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் இளங்குருவாகப் பணியாற்றிய ஒரு பங்கில் கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை. உரிமை கோர யாருமில்லாத பழைய கல்லறைகளை எடுத்துவிடலாம் என்று பங்குப் பேரவையில் பேசினோம். ஞாயிறு பூசையில் மூன்று வாரம் அறிவித்தோம். யாரும் வரவில்லை. இடித்துச் சமன் செய்தோம். முறைப்படிதான் செய்தேன் என்று நிம்மதியாக இருந்தேன். ஆறு மாதம் கழித்து வடநாட்டிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். கையில் பழைய புகைப்படம். சீருடையில் அவன் தாத்தா. "ஃபாதர், இவர் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவர். அப்பா சாகும்போது, தாத்தா கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வா என்று சொன்னார்" என்றான். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய், புல் முளைத்த தரையைக் காட்டினேன். அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொண்டுவந்த மெழுகுவர்த்தியைத் தரையிலேயே ஏற்றி வைத்துவிட்டுப் போனான். சண்டை கொல்லாமல் விட்டவரின் அடையாளத்தை நான் அழித்துவிட்டேன். எடுப்பதற்கு முன் பெயர்களையாவது எழுதி வைத்திருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதைக்கூட நான் செய்யவில்லை.

அதனால்தான் இந்த மாதம் 3ஆம் தேதி காலை, பூசை முடிந்ததும், நம் பங்கின் இறப்புப் பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். கிழக்கு மதிலோரக் கல்லில் பெயர் இல்லாவிட்டாலும் ஆண்டு மங்கலாகத் தெரிந்தது. அதை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கிடைத்தது. திருமுழுக்குப் பெயர், தகப்பனார் பெயர், ஓய்வுபெற்ற படைவீரர் என்ற குறிப்பு, நோயில்பூசுதல் பெற்று நல்ல மரணம் அடைந்தார் என்று அக்காலப் பங்குத்தந்தையின் கையெழுத்து. அந்தப் பெயரை முதலில் அவருடைய கல்லறையில் எழுதுவதே முறை என்பதால் இங்கே நான் சொல்லவில்லை.

வருகிற நவம்பர் 11ஆம் தேதி புனித மார்ட்டினின் திருநாள். அவரும் படைவீரர்தான். உரோமைப் படையில் இருந்தபோது, குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அன்றிரவு அந்தப் பாதிப் போர்வையை அணிந்தவராக ஆண்டவரைக் கனவில் கண்டார். பின்னர்த் தூர் நகர் ஆயரானார். 397இல் இறந்த அவரை அடக்கம் செய்த நாள் நவம்பர் 11. 1918இல் முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்ததும் அதே நாளில், காலை 11 மணிக்கு. மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2017, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் கல்லறைத் திருநாள் திருப்பலியைப் போர்வீரர் கல்லறைகளில் நிறைவேற்றினார். போர் என்ன செய்கிறது என்பதற்கு அந்தக் கல்லறைகளைவிடப் பெரிய மறையுரை இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். 11ஆம் தேதி காலை 11 மணிக்கு நம் கல்லறைத் தோட்டத்திலேயே திருப்பலி. ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் விசாரித்து, நம் தோட்டத்தில் அடக்கமான படைவீரர்களின் பெயர், பட்டாளம், இறந்த ஆண்டு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். இளைஞர் இயக்கத்தார் கல்லறைகளைப் படமெடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒரு புத்தகமாக்கட்டும். அழிந்த எழுத்துகளை மீண்டும் எழுதுவோம். கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, வேற்றுச் சமயத்துப் படைவீரர்களின் பெயர்களையும் கொடுங்கள், மன்றாட்டில் சேர்ப்போம்.

உயிரோடு இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். நம் பங்கிலேயே முன்னாள் படைவீரர்களின் கைம்பெண்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியத் தாள் என்ன, எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல் இருக்கிறார்கள். அவர்களோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் துணையாகப் போக நான்கு பேர் முன்வந்தால், அது ஆயிரம் மாலைக்குச் சமம். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். அன்று உண்டியலில் போடும் பத்து ரூபாயோடு, ஒரு வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டும் வாருங்கள்.

ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன், ஆண்டவர் தம் வீட்டுக்குள் வரத் தாம் தகுதியற்றவர் என்று சொன்ன நூற்றுவர் தலைவரின் சொற்களையே நாமும் சொல்கிறோம். அவர் ஒரு படைவீரர், அதுவும் அந்நியப் படையின் வீரர். அவருடைய விசுவாசத்தைக் கண்டு இயேசு வியந்தார். அவருடைய சொற்களைத் தினமும் சொல்லும் நாம், நம் மதிலோரம் கிடக்கும் வீரனின் பெயரைச் சொல்ல மறக்கலாமா?

அந்தப் பீடச்சிறுவனிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். 11ஆம் தேதி அந்தக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, அந்தப் பெயரை உரக்க வாசிக்கப் போகிறவன் அவன்தான். "யாரு கல்லறை?" என்று கேட்டவன் அவனல்லவா? பதிலையும் அவனே சொல்லட்டும்.

நம் மண்ணில் பெயரோடும் பெயரின்றியும் உறங்கும் எல்லாப் படைவீரர்களுக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.